ஒட்டிக்கொண்ட கிளட்சும் ஓடிப்போன பொறுமையும்

பொங்கலுக்கு நாலைந்து நாள் லீவு விடுவதற்கு முன்னால், திருப்பூரில் ஒழுங்காக நடக்கும் நிட்டிங் கம்பெனிகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். வட்ட நிட்டிங் மெஷினில் வரிசையாக நிற்கும் ஊசிகளுக்கு எண்ணெய் விட்டு, சில சுற்று ஓடவிட்டு, அதன் பிறகுதான் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். நாலு நாள் சும்மா நின்றால் ஊசியில் துரு ஏறிவிடும், லீவு முடிந்து ஓட்டும்போது துணியில் கோடு விழும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அதே கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் ஒரு பழைய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ நாலு வருஷமாக, எட்டு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். தாத்தா பஞ்சு வியாபாரத்துக்குப் போன வண்டி, அப்பா கல்யாணத்துக்கு வந்த வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊசிக்குக் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கு அந்த வண்டிக்குக் கிடைத்திருக்காது!

பிறகு ஒரு நாள் யாருக்காவது ஆசை வரும். புது பேட்டரி, புது பெட்ரோல் என்று செலவு செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் ஓடும், எல்லோரும் கை தட்டுவார்கள். கிளட்சை மிதித்து கியரைப் போட்டால்... ‘கரகர’ என்று ஒரு சத்தம், கியர் விழாது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பமாகிறது. பிரச்சினை கிளட்சில் பாதி என்றால், அதைச் சுற்றி நிற்பவர்களின் அவசரத்தில் மீதிப் பாதி.

கிளட்ச் ஏன் ஒட்டுகிறது?

எஞ்சினின் பின்னால் இரும்பாலான ஃபிளைவீல். அதற்குப் பின்னால் பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் போல அழுத்தப்பட்டு நிற்பது கிளட்ச் டிஸ்க். அந்த டிஸ்கின் இரண்டு பக்கமும் உராய்வு லைனிங் ஒட்டியிருக்கும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்னால் விலகும், டிஸ்க் விடுபடும், எஞ்சினுக்கும் கியர் பாக்சுக்கும் தொடர்பு அறும். காலை எடுத்தால் ஸ்பிரிங் மறுபடி அழுத்திப் பிடிக்கும்.

வண்டி நிற்கும்போது பெடலை யாரும் மிதிப்பதில்லை. ஆகவே வருஷக்கணக்கில் லைனிங்கும் இரும்பும் அழுத்திய நிலையிலேயே இருக்கின்றன. நடுவில் ஈரம் புகுந்தால் இரும்பின் முகத்தில் துரு பூக்கும். அந்தத் துரு லைனிங்கின் நுண்ணிய துளைகளுக்குள் போய்ப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். பிறகு பெடலை மிதித்தால் பிளேட் விலகும், டிஸ்க் மட்டும் ஃபிளைவீலை விடாது.

“நம்ம ஊரு காஞ்ச ஊருங்க, இங்க எங்க துரு புடிக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பூர் மழை மறைவுப் பகுதியில் இருப்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது மண் தரையிலிருந்து கிளம்பும் ஈரம் தார்ப்பாய்க்குள் மாட்டிக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் நிற்கும். மழைக்கு வண்டியை மூடியதாக நினைக்கிறார்கள். உண்மையில் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பல பேர் நிறுத்துவதற்கு முன்னால் அடியில் தண்ணீர் பீய்ச்சி வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டு, சூடாக ஓட்டிக் காயவைக்காமல் அப்படியே ஷெட்டில் விட்டுவிடுவார்கள்!

‘எஞ்சின் ஜாம்’ என்ற அவசரத் தீர்ப்பு

பழைய கார்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு உண்மையான காரணம் பல நேரம் நோய் இல்லை, தப்பான நோய்க் கணிப்புதான்.

ஒரு வண்டி கியரில் போட்டபடி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பல வருஷத்தில் பின் சக்கர பிரேக் டிரம்மும் ஷூவும் ஒட்டிக்கொண்டன. கிளட்சும் ஒட்டிக்கொண்டது. இப்போது கிளட்சை மிதித்துக்கொண்டு கிராங்க் ஹேண்டிலைச் சுற்றினால் எஞ்சின் அசையாது. எப்படி அசையும்? எஞ்சின், கிளட்ச் வழியாக கியர் பாக்சையும், அது பின் சக்கரத்தையும் பிடித்திருக்கிறது. சக்கரமோ பிரேக்கில் மாட்டியிருக்கிறது. “எஞ்சின் ஜாம் ஆயிருச்சுங்க, அஞ்சு பைசாவுக்கு ஆகாது” என்று வருபவர் சொல்வார். எடைக்கு எடை இரும்பு விலையில் வண்டி போய்விடும்.

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதிலும் அம்பாசிடர், பத்மினி போன்றவற்றில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் இருக்கும் பழைய மாடல்களில் ராடுகளும் புஷ்களும் தேய்ந்திருந்தால், லீவர் நியூட்ரலில் இருப்பது போலத் தெரியும், உள்ளே கியர் விழுந்தே இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய விஷயத்தை மேலே நின்று தீர்மானிப்பதுதான் தப்பு.

கிளட்ச்தானா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் சுகமாக விழுகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். அடுத்து ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே பெல் ஹவுசிங் பக்கத்தில் ஃபோர்க் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபோர்க் சரியாக நகரவில்லை என்றால் குற்றம் டிஸ்கில் இல்லை, ராடிலோ கேபிளிலோ ஹைட்ராலிக் சிலிண்டரிலோ இருக்கிறது. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள்ளேயே துரு பிடித்துவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் கிட்டில் முடிய வேண்டிய வேலைக்கு கியர் பாக்சை இறக்கிய கதைகள் நிறைய உண்டு. ஃபோர்க் முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் டிஸ்க் ஒட்டியிருக்கிறது என்று முடிவுக்கு வரலாம்.

முதலில் பிரேக், பிறகுதான் கிளட்ச்

இந்த வரிசையை மாற்றுவதுதான் ஆபத்து. கிளட்ச் ஒட்டிய வண்டியில் கியர் விழுந்துவிட்டால், ஓட்டுபவர் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரிக்க முடியாது. மிதிக்கும் பெடல் வெறும் பெடல். நிறுத்துவதற்கு பிரேக்கும் இக்னிஷன் சாவியும் மட்டுமே மிச்சம். அதே வண்டியின் பிரேக்கும் பல வருஷம் நின்றதுதானே? வீல் சிலிண்டர் கசிந்து போயிருக்கலாம். பிரேக் இல்லாத வண்டியில் கிளட்சை விடுவிக்கப் போவது தூண்டிவிட்ட காளையின் மூக்கணாங்கயிற்றை அவிழ்ப்பது போன்றது. முன்னால் சுவரும் நடுவில் ஒரு மனிதரும் இருக்கிற குறுகிய ஷெட்டில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை பிரேக். டிரம்மைக் கழற்றிப் பார்த்து, புது ஃப்ளூயிட் ஊற்றி, நாலு சக்கரமும் பிடிக்கிறது, விடுகிறது என்று உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு கிளட்சுக்கு வரலாம்.

பொறுமையாக விடுவிக்கும் வழி

முதல் வழியில் செலவே இல்லை. வண்டியைக் காற்றோட்டமான வெளி இடத்துக்குத் தள்ளிக் கொண்டுவந்து, நியூட்ரலில் எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். எஞ்சின் சூடு மெதுவாக ஃபிளைவீலுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் பரவி ஈரத்தை விரட்டும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை முழுதாக அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து விட்டுவிட வேண்டும். ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி. பிளேட்டின் பிடி தளர்ந்த நிலையில், சூடாகி ஆறும் இரும்பு தானாகவே டிஸ்கை விடுவதுண்டு. விடவில்லை என்றால் மறுநாள் மறுபடி சூடாக்கி, பெடலைப் பல முறை மிதித்து, மறுபடி கட்டையை முட்டுக் கொடுக்கலாம். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதனால் எதுவும் உடையாது என்பதே இதன் பெரிய பலம்.

இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் துணிச்சலும் நிறைய ஜாக்கிரதையும் வேண்டும். அம்பாசிடர், பத்மினி இரண்டுமே பின் சக்கரம் இழுக்கும் வண்டிகள். பின் அச்சைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் ஜாக்கி மேல் நிற்கும் வண்டியில் இதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். எஞ்சின் சூடானதும் அணைத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்தால் சக்கரங்கள் காற்றில் சுற்றும். கிளட்சை மிதித்தபடியே பிரேக்கை அழுத்தினால், ஒரு பக்கம் எஞ்சினும் இன்னொரு பக்கம் பிரேக்கும் இழுக்க, நடுவில் உள்ள துரு விடும்.

ஏன் டாப் கியர்? முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு விசை பல மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது, பிரேக் அதை எதிர்த்து நிற்பது கஷ்டம். டாப் கியரில் அந்தப் பெருக்கம் இல்லை. பிரேக்கின் பிடி அதிகமாகக் கிளட்ச் டிஸ்கில் வந்து சேரும். இந்த வண்டிகளில் டாப் என்பது நேரடி இணைப்பு என்பதால் பக்கத்து ஷாஃப்டின் பற்களுக்கும் சுமை வராது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் இதைச் செய்யக் கூடாது. விடவில்லை என்றால் கேள்வியே வேறு.

மூன்றாவது வழியாகச் சொல்லப்படுவது, வண்டியை கியரில் போட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரிலேயே கிளப்பி ரோட்டில் ஓட்டி, ஆக்சிலேட்டரைச் சடார் சடாரென்று மிதித்து விடுவது. காலியான பெரிய மைதானம் இருந்தால் ஒருவேளை யோசிக்கலாம். டெம்போவும் டூவீலரும் ஷிஃப்ட் முடிந்து வரும் கூட்டமும் நிறைந்த திருப்பூர்த் தெருக்களில் இதைச் செய்வது பொறுப்பற்ற வேலை. கயிறு கட்டி லாரியால் இழுத்து, கியர் போட்டு உதறுவது அதைவிட மோசம். துருவும் விடலாம், டிஸ்கின் நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் போகலாம், கியர் பல்லும் போகலாம். எது முதலில் போகும் என்பது லாட்டரிதான்.

நாலாவதாக ஒரு ‘சுலப வழி’ உண்டு. பெல் ஹவுசிங் ஓட்டை வழியாகத் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்துவிடுவது. இதுதான் இருப்பதிலேயே கெட்ட யோசனை. நிட்டிங் ஊசிக்கு எண்ணெய் மருந்து, கிளட்ச் லைனிங்குக்கு எண்ணெய் விஷம். இன்று விடுபட்ட கிளட்ச் நாளை மேட்டில் ஏறும்போது வழுக்கும். கடைசியில் கியர் பாக்சை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது தோல்வி இல்லை

பொறுமையான வழிகளில் விடவில்லை என்றால் கியர் பாக்சை இறக்கிவிடுவதே மரியாதை. காரணம், ஒட்டியிருப்பது லைனிங் மட்டும்தானா என்று வெளியிலிருந்து தெரியாது. கிராங்க் ஷாஃப்டின் பின் முனையிலுள்ள சிறிய பைலட் புஷ்ஷில் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு துருப்பிடித்து இறுகியிருக்கலாம். டிஸ்க் முன்பின் நகர வேண்டிய பள்ளங்களில் துரு ஏறியிருக்கலாம். இவை ரோட்டில் உதறினால் சரியாகிற விஷயங்கள் இல்லை.

உதறி விடுவித்ததும் ‘ரெடி’ என்று நினைப்பதும் தப்பு. விடுபட்ட கிளட்ச் வேறு, சரியான கிளட்ச் வேறு. லைனிங் துண்டு துண்டாக ஃபிளைவீலிலேயே தங்கியிருக்கலாம். வண்டி கிளம்பும்போது நடுங்கினாலோ, கருகிய வாசம் வந்தாலோ திறந்து பார்க்காமல் தூரப் பயணம் போகக் கூடாது.

திறக்கும்போது இன்னொரு விஷயம். பழைய காலத்து கிளட்ச் லைனிங்குகளிலும் பிரேக் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது சாதாரணம். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். பனியன் கம்பெனிகளில் மெஷின் மேல் படியும் பஞ்சுத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளுவது பழக்கம். அதே பழக்கத்தில் கிளட்ச் தூசியையும் ‘புஸ்’ என்று ஊதிவிடுகிறார்கள். பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பதினெட்டு வயதுப் பையன் அதைத்தான் சுவாசிக்கிறான். நல்ல முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி ஒதுக்க வேண்டும். நாடு முழுக்க ஒர்க்‌ஷாப்களில் துடைக்கப் பயன்படும் ‘பனியன் வேஸ்ட்’ பிறக்கும் ஊரில் ஈரத் துணிக்கா பஞ்சம்?

இதெல்லாம் எதற்கு?

ஒரு பழைய காருக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 15 வருஷத்தைத் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பெட்ரோலிலும் எத்தனால் கலப்பு கூடிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். கணக்குப் பார்த்தால் விற்றுவிடுவதே லாபம் என்று தோன்றும்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2021ல் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷத்தைத் தாண்டி, அசல் உருவம் மாறாமல் பராமரிக்கப்படும் வண்டிகளை ‘விண்டேஜ்’ வாகனமாகத் தனி எண்ணில் பதிவு செய்யலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். அதாவது உதறி, உடைத்து, கிடைத்ததை மாட்டி ஓட்டிய வண்டியைவிட, பொறுமையாக அசலைக் காப்பாற்றிய வண்டிக்குத்தான் இனி மரியாதை. அம்பாசிடர் உற்பத்தியே 2014ல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. இருப்பது இருப்பதுதான், புதிதாக ஒன்று வரப்போவதில்லை.

அதைவிடப் பெரியது கைத்தொழில். திருப்பூரிலிருந்து அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் கோவையில் ஜி.டி. கார் மியூசியம். 2015ல் திறக்கப்பட்ட அங்கே பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. யாருடைய பெயரில் அது நிற்கிறதோ அந்த ஜி.டி. நாயுடு, கலங்கல் கிராமத்தில் பிறந்து, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றி மாட்டித்தான் எந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920ல் பொள்ளாச்சி - பழனி வழியில் ஒரே பஸ்ஸுடன் தொழிலை ஆரம்பித்தார். கொங்கு நாட்டின் எந்திர அறிவு கழற்றிப் பார்த்து வந்த அறிவு. இன்று கோளாறு என்றால் பாகத்தையே மாற்றிவிடு என்பதுதான் வழக்கம். ஒட்டிய கிளட்சைக் கண்டுபிடித்து, உடைக்காமல் விடுவிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு வண்டியாவது மிச்சம் இருக்க வேண்டாமா?

நின்றால் எதுவும் கெடும் என்பதைத் திருப்பூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டதை ஊர் பார்த்தது. நொய்யலைக் காப்பாற்ற அந்த உத்தரவு தேவைதான். ஆனால் மாதக்கணக்கில் நின்ற எந்திரத்தை மறுபடி ஓட்டுவது, சுவிட்சைப் போடுவது போல எளிதல்ல. 2020 ஊரடங்கிலும் அதே பாடம். தொழிலுக்கு அந்தப் பாடத்தைப் படித்தவர்கள், ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறார்கள்?

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. மாதம் ஒரு முறை வண்டியை வெளியே எடுத்து, பதினைந்து இருபது கிலோமீட்டர் சூடாக ஓட்டி, எல்லா கியரையும் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது கணக்கில் சேராது. அதில் எஞ்சின்கூட சரியாகச் சூடாகாது. தார்ப்பாயை எடுத்துவிட்டு, காற்றுப் போகும் பருத்தித் துணியால் மூட வேண்டும். ஓட்டவே முடியாத மாதங்களில், வாரம் ஒரு தடவை போகிற போக்கில் கிளட்ச் பெடலைப் பத்து தடவை மிதித்துவிட்டுப் போனாலும் போதும், பிளேட்டும் டிஸ்கும் ஒன்றையொன்று மறக்காமல் விலகிப் பழகும்.

ஊசிக்கு எண்ணெய் விட்டுவிட்டு லீவுக்குப் போகிற ஊர் இது. அந்தப் பத்து மிதிக்கு ஆகிற நேரம் ஒரு நிமிஷம்தான்!